குருவற்ற சபைகளும் உபதேசியார் பயிற்சியும்: தரங்கம்பாடி முதல் பாளையங்கோட்டை வரை (1706–1838)

ஃபாரஸ்ட் கேட், லண்டன்

முன்னுரை

தமிழகத்து லுத்தரன் சபைகளின் வரலாறு நெடுங்காலம் மிஷனரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. சீகன்பால்கு, சூல்ச், பப்ரிசியுஸ், சுவார்ச் என்று ஐரோப்பியப் பெயர்களின் வரிசையாக அது நகர்கிறது. அவர்கள் கால்வைக்க இயலாத ஊர்களில் வாரந்தோறும் மக்களைக் கூட்டி, வேதம் வாசித்து, செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, இறந்தோரை அடக்கம் செய்த உபதேசியாருக்கு அவ்வரிசையில் ஒரு பாராட்டுச் சொற்றொடர் கிடைத்தால் அதுவே அதிகம். ஹைக்கே லீபாவ், டென்னிஸ் ஹட்சன், டேனியல் ஜெயராஜ் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின் இந்நிலை பெரிதும் மாறியுள்ளது. தரங்கம்பாடி மிஷனின் உள்நாட்டுப் பணியாளர்கள் வெறும் ஏவலாளர் அல்லர், அவர்களின்றி மிஷனே இல்லை என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்தாகும்.

எனினும் ஒரு வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. உபதேசியார் எதைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்டார் என்பது நன்கு பதிவாகியுள்ளது. எதைச் செய்யாதிருக்கப் பயிற்றுவிக்கப்பட்டார், அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் யார் என்பது அவ்வளவு தெளிவாகப் பேசப்படவில்லை. கோட்டின் ஒருபுறம் வாசிப்பு, போதனை, செபம், ஆறுதல். மறுபுறம் திருவிருந்து. இந்தக் கோடு இறையியலால் வரையப்பட்டது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தஞ்சை நாட்டில் அதை உறுதியாக்கியது சாதி என்பதும், நெல்லைச் சீமையில் அதை உறுதியாக்கியது லண்டனில் அமர்ந்திருந்த ஒரு குழு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

லூத்தர் தந்த இரு விடைகள்

குரு இல்லாத இடத்தில் சபை என்ன செய்யவேண்டும் என்ற வினாவுக்கு மார்ட்டின் லூத்தர் ஒரே விடை தரவில்லை. 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் அவர் ஒரு கற்பனைச் சூழலைக் காட்டுகிறார். பக்தியுள்ள பொதுநிலையினர் சிலர் சிறைப்பட்டு வனாந்தரம் ஒன்றில் விடப்படுகின்றனர். ஆயர் கைவைத்துப் பட்டமளித்த குரு ஒருவரும் அவர்களிடையே இல்லை. அவர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்து ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து நடத்தவும் பொறுப்பளித்தால், உலகின் ஆயர்கள் அனைவரும் கூடிப் பட்டமளித்தவருக்கு நிகராக அவரும் குருவே என்கிறார் லூத்தர். மூன்றாண்டுகள் கழித்து, 1523இல், பொகீமியருக்கு எழுதும்போது அவர் தொனி மாறுகிறது. சபையே தன் போதகரைத் தேர்ந்து நியமிக்கலாம் என்ற உரிமையை அங்கும் வலியுறுத்துகிறார். ஆனால் தகுந்த போதகர் கிட்டாத நிலையில், குடும்பத் தலைவர் வீட்டாருக்கு நற்செய்தி வாசித்துக் காட்டி, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வாழ்நாள் முழுதும் திருவிருந்து இன்றியே இருந்தாலும் பழுதில்லை என்றும் சொல்கிறார்.

1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 14ஆம் பிரிவில், முறையாக அழைக்கப்படாத ஒருவர் சபையில் வெளிப்படையாகப் போதிப்பதும் அருட்சாதனங்களை வழங்குவதும் ஆகாது என வரையறுத்தது. முறையான அழைப்பு என்பது எது, அதைக் கொடுப்பவர் யார் என்பதை அப்பிரிவு விரித்துரைக்கவில்லை. அந்த மௌனத்திலிருந்தே பின்வந்த வழக்குகள் அனைத்தும் பிறந்தன. ஆம்பூரிலும் நாகர்கோவிலிலும் தமிழ்ச் சபைகளை வளர்த்த அமெரிக்க மிசோரி லுத்தரன் சபையில்கூட இவ்விழுபறி அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. போதகர் கிட்டாத சபைகளில் உரிமம் பெற்ற பொதுநிலை டீக்கன்கள் போதிக்கவும் அருட்சாதனங்களை வழங்கவும் 1989இல் அச்சபை வழிவகுத்தது. 2016இல் அவ்வழியை மூடி, அத்தகையோர் குருப்பட்டம் பெறும் பாதையில் சேரவேண்டும் என்று முடிவெடுத்தது. இருபத்தேழு ஆண்டுகளுக்குள் லூத்தரின் முதல் விடையிலிருந்து அறிக்கையின் கடும் பொருளுக்குத் திரும்பிய பயணம் அது.

தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் இவ்விரு விடைகளையும் தங்கள் மரபுரிமையாகக் கொண்டே வந்தனர். வனாந்தரச் சூழலும் அவர்களுக்குக் கற்பனையாக இருக்கவில்லை. கோட்டை மதிலைத் தாண்டினால் அதுவே எதிரே இருந்தது.

தஞ்சை நாட்டு எல்லை

பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூட்சௌவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். 1620 முதல் டென்மார்க்கின் வசமிருந்த அத்துறைமுகப் பட்டினமும் அதைச் சூழ்ந்த சில சிற்றூர்களுமே டேனிய ஆட்சிக்கு உட்பட்டவை. அதற்கு அப்பால் தஞ்சை மராத்தியர் நாடு. மன்னரின் இசைவின்றி ஐரோப்பியர் உள்நாட்டில் நடமாடிச் சமயப்பணி செய்வது அரிதாயிருந்தது. சீகன்பால்கே தஞ்சைக்குச் செல்ல முயன்று இடைவழியில் திரும்ப நேர்ந்தது.

ஆகவே 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லுத்தரன் சமயம் தஞ்சை நாட்டுக்குள் சென்றது தமிழரின் கால்களாலேயே. இன்னும் நுணுகிப் பார்த்தால், மனிதருக்கு முன்பே நூல் சென்றுவிட்டது. சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714–15இல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்த புதிய ஏற்பாடு, எந்தக் குருவும் செல்லாத ஊர்களில் கைமாறிக்கொண்டிருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேட்க விரும்பும் சிலர், அச்சிட்ட ஒரு நூல். குருவற்ற சபையின் கரு இவ்வளவே.

மிஷனரிகளின் எண்ணிக்கையும் எப்போதும் சொற்பமே. 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு மறைந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் யோகான் எர்ன்ஸ்ட் குருண்ட்லரும் மறைந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே வந்திறங்கிய பெஞ்சமின் சூல்ச், தமிழ் முழுதும் கைவராத நிலையில், பணியின் பொறுப்பு முழுவதையும் ஏற்க நேர்ந்தது. அவ்வாண்டுகளில் சபை சிதறாமல் நின்றதற்கு மிஷனரியின் திறமையைக் காரணம் காட்டுவது மிஷன் வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அவருக்கு மக்களின் பெயரையும் வீட்டையும் வழக்கையும் சொல்லிக்கொடுத்தவர்களை நினைத்துப் பார்த்தால் அக்காரணம் அரைகுறையானது என்பது விளங்கும்.

பயிற்சியின் பாங்கு

1716இல் சீகன்பால்கும் குருண்ட்லரும் உள்நாட்டுப் பணியாளரை உருவாக்க ஒரு பயிற்சிப்பள்ளியைத் தரங்கம்பாடியில் தொடங்கினர். மிஷனின் தமிழ்ப்பள்ளிகளில் தேறிய இளைஞர்களே அதன் மாணவர். ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே ஹாலே நகரில் வளர்த்த கல்விமுறையின் சாயல் அதில் உண்டு. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனனம் செய்தல், வேதபாகங்களை வினாவிடையாக விளக்குதல், கேட்டவர் மனத்தைச் சோதித்தறிதல் ஆகியவை ஹாலேயிலிருந்து வந்தவை. ஆனால் வினாவிடை முறையும் மனனமும் தமிழருக்குப் புதியன அல்ல. திண்ணைப்பள்ளியில் நெடுங்கணக்கும் எண்சுவடியும் ஆத்திசூடியும் ஓதிப் பழகிய பிள்ளைக்கு ஞானோபதேசப் பாடம் எளிதாகவே அமைந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதிக் கற்றவர் சீகன்பால்கு. அவருக்கு அம்முறையின் வலிமை தெரிந்திருந்தது.

வகுப்பறைப் பயிற்சி தொடக்கம் மட்டுமே. உண்மையான பயிற்சி ஊர்களில் நடந்தது. உபதேசியார் தமக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களைச் சுற்றிவருவார். ஞாயிறன்று சபையைக் கூட்டி வேதபாகத்தை வாசித்து விளக்குவார். ஞானஸ்நானம் பெற விரும்புவோரை ஆயத்தப்படுத்துவார். நோயாளிகளைச் சந்திப்பார். குடும்பச் சச்சரவுகளைத் தீர்ப்பார். கண்டதையும் பேசியதையும் குறித்துவைத்து, குறித்த காலத்தில் தரங்கம்பாடிக்கு வந்து மிஷனரிகளிடம் அறிக்கை அளிப்பார். அங்கே அவருடைய அறிக்கை கேட்கப்படும், பிழைகள் திருத்தப்படும், அடுத்த சுற்றுக்குரிய பாடம் தரப்படும், சம்பளமும் கொடுக்கப்படும். இவ்வாறு வந்து சேர்ந்த குறிப்புகள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு 'ஹாலே அறிக்கைகள்' எனப்படும் தொடரில் 1710 முதல் வெளியாயின. ஐரோப்பிய வாசகர் படித்தவை மிஷனரிகளின் அனுபவங்களாகத் தோன்றினாலும், உள்நாட்டைப் பற்றிய பகுதிகளில் பெரும்பங்கு உபதேசியார்களின் கண்ணும் காதுமே.

பிற்காலத்தில் சுவார்ச் இம்முறையை இன்னும் நெருக்கமாக்கினார். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் காலைதோறும் உபதேசியார்களைக் கூட்டிச் செபித்து, அன்றைய பணியைப் பகிர்ந்தளித்து அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து நடந்ததைச் சொல்வார்கள். இன்ன கேள்விக்கு இன்ன விடை சொன்னேன் என்று ஒருவர் சொல்ல, அது பொருந்துமா என்று பிறர் பேசுவார்கள். குருத்துவக் கல்லூரி எதிலும் எளிதில் கிட்டாத பயிற்சி இது.

இத்தகைய ஏற்பாடு லுத்தரன்களுக்கு மட்டும் உரியதன்று. சில பாதிரிமாரைக் கொண்டு பரந்த நிலப்பரப்பை நடத்திய கத்தோலிக்க மதுரை மிஷனும் 'வேதியர்' எனப்பட்ட பொதுநிலை ஆசிரியர்களை நம்பியே இயங்கியது. வீரமாமுனிவரின் 'வேதியரொழுக்கம்' அவர்களுக்காகவே எழுதப்பட்ட உரைநடை நூல். அதே முனிவர் லுத்தரன் உபதேசியார்களின் செல்வாக்கைக் கண்டு 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய கண்டன நூல்களை எழுதினார். தமிழ் உரைநடை வளர்ச்சியைப் பேசும் நூல்கள் இவற்றைத் தனிமனிதப் படைப்பாற்றலின் வெளிப்பாடாகவே காட்டுகின்றன. பாதிரிமார் இல்லாத ஊர்களில் இருதரப்புப் பொதுநிலை ஆசிரியர்களும் நேருக்குநேர் நின்று வாதிட்டமையே இந்நூல்களுக்குத் தேவையை உண்டாக்கியது என்பது கவனத்துக்குரியது.

ராஜநாயக்கன்

இவ்வேற்பாட்டின் வலிமையும் வரம்பும் ஒருசேரப் புலப்படுவது ராஜநாயக்கன் வாழ்வில். 1700இல் பிறந்தவர். பறையர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தினர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான வேதநூல் கைக்கு எட்டியதால் அதை வாசித்தறிந்தார், வாசிப்பின் விளைவாகவே 1727இல் தரங்கம்பாடிக்கு வந்து லுத்தரன் சபையில் சேர்ந்தார். மிஷனரி எவரும் அவரைத் தேடிச் செல்லவில்லை என்பதை மறத்தல் ஆகாது. விரைவில் உபதேசியாராக நியமிக்கப்பெற்று, ஐரோப்பியர் செல்லமுடியாத தஞ்சை நாட்டுப் பகுதிகளில் பணியாற்றினார். கத்தோலிக்கத் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பையும் வன்முறையையும் அவரும் அவர் குடும்பத்தாரும் சந்தித்தனர். 1771இல் மறையும் வரை அவர் உபதேசியார். நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சபையைத் தொடங்கியவர், கற்பித்தவர், காத்தவர் அவரே.

இதற்கிடையே மிஷன் தமிழருக்குக் குருப்பட்டம் அளிக்க முன்வந்தது. கடலூரில் பிறந்து, ஆறுமுகம் என்ற இயற்பெயருடையவராய், 1718இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராகத் தேர்ச்சியடைந்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்றார். புரொட்டஸ்டண்ட் சபையில் பட்டம்பெற்ற முதல் இந்தியர் அவரே. மாயவரம் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1745இல் அவர் மறையும்வரை, ஐரோப்பியர் செல்லாத ஊர்களுக்கு அவர் சென்று திருவிருந்து நடத்தினார். 1741இல் தியோகோ, 1749இல் அம்புரோஸ், 1772இல் பிலிப், 1778இல் ராஜப்பன் ஆகியோர் அவரைத் தொடர்ந்தனர். நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஐவர். ராஜநாயக்கன் அப்பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு மிஷனரிகள் மறைவின்றியே காரணம் சொன்னார்கள். அவருடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ பணித்திறனிலோ அவர்கள் குறைகாணவில்லை. அவரை மிகவும் மதித்தனர். ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், அத்தயக்கத்தால் அருட்சாதனத்தின் மீதுள்ள மதிப்பே குறையும் என்று அஞ்சினார்கள். சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் மக்களை அமர்த்திய ஆலயத்தில் இந்த அச்சம் எழுந்தது வியப்பன்று.

இக்காரணத்தை லுத்தரன் இறையியலின் அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டும். திருவிருந்தின் ஆற்றல் அதை வழங்குபவரின் தகுதியைச் சார்ந்ததன்று என்பது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 8ஆம் பிரிவு. தீயவர் கையால் வழங்கப்பட்டாலும் அருட்சாதனம் அருட்சாதனமே என்று அப்பிரிவு கூறும். அவ்வாறிருக்க, நல்லவர் என்று அனைவரும் ஒப்பிய ஒருவரின் கை பிறப்பின் காரணமாக அருட்சாதனத்தின் மதிப்பைக் குறைக்கும் என்று அஞ்சியது, அவ்வறிக்கைக்குப் புறம்பான ஒன்றை மேசையருகே கொண்டுவந்து நிறுத்தியதாகும். 14ஆம் பிரிவு கேட்ட முறையான அழைப்பும் இங்குத் தடையாக இல்லை. அழைக்கவேண்டியவர்கள் அழைக்க மறுத்தார்கள் என்பதே நடந்தது. லூத்தரின் வனாந்தர உவமையில் தம்முள் ஒருவரைத் தேர்ந்தவர்களுக்கு, தேர்ந்தெடுக்கப்படுபவரின் குலம் பற்றிய வினா எழவே இல்லை.

விளைவையும் சொல்லவேண்டும். ராஜநாயக்கன் உருவாக்கிய மக்கள் திருவிருந்துக்காகப் பட்டம்பெற்ற வேறொருவரின் வருகைக்குக் காத்திருந்தார்கள், அல்லது தரங்கம்பாடிக்கு நடந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்தவர் ஒருவர், நீர் ஊற்றியவர் மற்றொருவர். இவ்வேலைப் பிரிவினையைப் பணியாளர் பற்றாக்குறையின் விளைவு என்று விளக்குவது பழைய நூல்களின் வழக்கம். தஞ்சை நாட்டில் பற்றாக்குறை இருந்தது உண்மை. அப்பற்றாக்குறையைத் தீர்க்கத் தகுதியானவர் கண்ணெதிரே இருந்தார் என்பதும் உண்மை.

பாளையங்கோட்டை

காவிரிக்கரையிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சீமைக்கு வந்தால் குருவற்ற சபையின் வேறொரு வடிவைக் காணலாம். தஞ்சை மராத்தியப் பிராமணக் கைம்பெண்ணான கோகிலா, ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒருவருடன் வாழ்ந்து, அவர் மறைந்தபின் 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ச்சிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தனர். 1785இல் அவர் முயற்சியால் கட்டப்பட்ட ஆலயம் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. மிஷனரி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தஞ்சையில் இருக்க, அச்சபை ஒரு பெண்ணின் பொறுப்பில் வளர்ந்தது. அவருக்குப் பயிற்சி அளிக்க ஒரு பள்ளி இல்லை. உபதேசியார் என்ற பெயரும் வழங்கப்படவில்லை. பதிவேடுகள் அவரை ஆலயம் கட்டிய புரவலராகவே குறிக்கின்றன. பின்வந்த வரலாற்றாசிரியர்களும் அவர் கடந்தகால வாழ்வைப் பேசுவதில் காட்டிய ஆர்வத்தை அவர் சபை நடத்திய முறையை ஆராய்வதில் காட்டவில்லை.

அங்கு அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன் 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அப்போது அவர் ஆற்றிய அருளுரையை லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கம் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று, ஆயர் எவரும் கைவைக்காத லுத்தரன் குருப்பட்டத்தைக் கொண்டாடி அச்சிட்ட இந்நிகழ்ச்சி நாற்பதாண்டுகளுக்குப்பின் நினைத்தும் பார்க்க இயலாததாகப் போயிற்று.

லண்டனின் முடிவு

தரங்கம்பாடி மிஷனுக்கும் லண்டனுக்கும் இருந்த தொடர்பு தொடக்கம் முதலே நெருக்கமானது. அரண்மனை லுத்தரன் சிற்றாலயக் குருக்களாயிருந்த அன்டன் வில்ஹெல்ம் போமே, அவருக்குப்பின் பிரீட்ரிக் மிக்கேல் சீகன்ஹாகன் ஆகியோர் ஹாலேக்கும் எஸ்.பி.சி.கே.வுக்கும் பாலமாயினர். அச்சுப்பொறியும் காகிதமும் பணமும் கடிதங்களும் இவ்வழியே சென்றன. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் லண்டன் ஆங்கிலிக்கர், ஜெர்மானிய லுத்தரன்களைத் தம் சம்பளத்தில் அமர்த்தி, அவர்கள் பட்டத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பாதிருந்தனர். இன்று ஃபாரஸ்ட் கேட்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் இந்நகரின் மையப்பகுதியில்தான், தமிழ்க் கிராமத்து உபதேசியார் எவ்வளவு தூரம் போகலாம் என்ற முடிவும் பின்னர் எடுக்கப்பட்டது.

மேற்குப் பிரஷ்யாவில் பிறந்து பெர்லினில் லுத்தரன் பட்டம்பெற்ற சார்லஸ் ரேனியஸ் சி.எம்.எஸ். சங்கத்தால் 1814இல் சென்னைக்கு அனுப்பப்பட்டு, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். பதினைந்தாண்டுகளில் நெல்லைச் சீமையெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகள் தோன்றின. இவ்வளவு சபைகளையும் தாங்கியவர்கள் அவர் பயிற்றுவித்த உபதேசியார்கள். பாளையங்கோட்டைப் பயிற்சிப்பள்ளியில் சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாக உண்ணவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தரங்கம்பாடி விட்டுக்கொடுத்த இடத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. உபதேசியார்கள் மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வந்து அறிக்கை அளித்து, பாடம் கேட்டுத் திரும்பினர். முறை தரங்கம்பாடியின் முறையே, அளவுதான் பன்மடங்கு.

ஊர்கள் பெருகப்பெருகத் திருவிருந்துச் சிக்கலும் பெருகியது. சில மிஷனரிகள் இத்தனை சபைகளையும் சுற்றிவருதல் இயலாது. தேர்ந்த உபதேசியார்களுக்குத் தாமும் உடன்பணியாளரும் லுத்தரன் வழக்கப்படி பட்டமளிக்க அனுமதிக்குமாறு ரேனியஸ் கேட்டார். அக்காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரே, அவரும் கல்கத்தாவில். 1822இல் மிடில்டன், 1826இல் திருச்சிராப்பள்ளியில் ஹீபர், 1828இல் ஜேம்ஸ், 1831இல் டர்னர் என ஆயர்கள் அடுத்தடுத்து மறைந்தனர். ஆயருக்காகக் காத்திருத்தல் என்பது நெல்லை உபதேசியாரைப் பொறுத்தவரை காலவரையற்ற காத்திருப்பே. எனினும் லண்டன் குழு இசையவில்லை. ஜெர்மானிய மிஷனரியின் லுத்தரன் பட்டத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும். அவர் மற்றொருவருக்கு அப்பட்டத்தை அளிப்பதை ஏற்காது. பட்டம் வேண்டுவோர் ஆயரிடமே பெறவேண்டும். தரங்கம்பாடியில் பிறந்து அங்குள்ள லுத்தரன் பள்ளியில் பயின்ற ஜான் தேவசகாயம் அவ்வழியே சென்று 1830இல் டீக்கன் பட்டம் பெற்றார்.

இம்முடிவை வெறும் அதிகாரச் செருக்கு என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. சங்கம் ஒரு சபையின் சங்கம். அச்சபையின் ஒழுங்கைக் காப்பது அதன் கடமை. இரண்டு வகைப் பட்டங்கள் ஒரே மண்ணில் வேரூன்றினால் எதிர்காலத்தில் சபை பிளவுபடும் என்ற அச்சத்திலும் பொருள் உண்டு. ஆயினும் அவ்வொழுங்கின் விலையைக் கொடுத்தவர்கள் லண்டனில் இல்லை. திருவிருந்து காணாமல் மாதக்கணக்கில் இருந்த சிற்றூர் மக்களே அதைக் கொடுத்தனர்.

ஆங்கிலிக்கன் ஒழுங்கைக் குறைகூறும் ஒரு திறனாய்வை 1834இல் ரேனியஸ் வெளியிட்டதும் உறவு முறிந்தது. 1835இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் பாளையங்கோட்டையைவிட்டு வடக்கே ஆர்க்காட்டுப் பகுதிக்குச் சென்று புதிய பணிக்கு ஆயத்தமானார். அப்போது உபதேசியார்களும் சபையாரும் திரும்பிவருமாறு அவருக்கு எழுதினர். அவ்வழைப்பை ஏற்று அதே ஆண்டில் அவர் திரும்பினார்.

மிஷன் வரலாறுகள் இம்மடல்களை ஒரு பிரியமான தலைவர்மீது கொண்ட பற்றின் வெளிப்பாடாகவும், சிலவிடத்துக் கட்சிக்கட்டின் அடையாளமாகவும் கண்டன. அழைப்பு என்ற சொல்லை லுத்தரன் பொருளில் எடுத்துக்கொண்டால் அவற்றின் தன்மை வேறாகத் தெரியும். குருப்பட்டத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பொதுநிலை ஆசிரியர்கள் தங்கள் சபைகளின் பெயரால் ஒரு குருவை அழைத்தார்கள். 1523இல் லூத்தர் பொகீமியருக்குச் சொன்ன உரிமையை, அம்மடலை வாசித்திராத நெல்லைச் சீமை மக்கள் செயலில் காட்டினார்கள். பயிற்சி அவர்களுக்குக் கற்பித்தவற்றுள் கற்பித்தவர்களே எண்ணிப்பாராத பாடம் இது.

சங்கத்தின் சார்பில் நின்ற சபைகளும் ரேனியஸைச் சார்ந்து நின்ற சபைகளும் மூன்றாண்டுகள் அருகருகே இயங்கின. சில ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு செபக்கூடங்கள் இருந்தன. 1838 ஜூன் 5 அன்று ரேனியஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அவரைச் சார்ந்திருந்த சபைகள் மீண்டும் சி.எம்.எஸ். நிர்வாகத்துக்குள் வந்தன. உபதேசியார்கள் தம் ஊர்களுக்குத் திரும்பி, ஞாயிறுதோறும் முன்போலவே வேதம் வாசித்து விளக்கிவந்தனர். திருவிருந்துக்கு முன்போலவே மிஷனரியின் வருகையை எதிர்நோக்கினர்.